நீர்வேலிக் குசினியில் நடுப் பெட்டி

நான் முன்பு வேலை செய்த அலுவலகத்தில் இப்போது கூரைக்கும் ஸ்பீக்கர் பூட்டுகிறார்கள். இனிச் சத்தம் தலைக்கு மேலிருந்தும் வருமாம். அதைப் பிரவுசருக்குப் படிப்பிக்கும் வேலை தொடங்கிவிட்டது. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள், முதன்முதல் ஆறு பெட்டிச் சத்தத்தைச் சேர்த்தபோது எப்படி இருந்தது என்று கேட்டார்களாம். மேர்சி மிஸ் எனக்குப் போன் எடுத்தார்.

"அண்ணை, நீங்கள் அதை எழுதித் தாங்கோ. சுருக்கமா எழுதினால் காணும்."

அந்த இரண்டாவது வசனம் எனக்குத் தேவையில்லை. நான் எவ்வளவு கதைப்பேன் என்று வீட்டில் விசாரித்தால் சொல்வார்கள்.

நான் படித்தது எட்டாம் வகுப்பு. உடுப்பிட்டியில் ஓர் ஒலிபெருக்கிக்காரரிடம் தொழில் பழகினேன். முதலில் பெட்டி தூக்கினேன். பிறகு பனையில் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டினேன். பிறகு வயர் சுற்றினேன். கடைசியில்தான் சத்தம் கூட்டிக் குறைக்கிற குமிழைத் தொட விட்டார். சண்டை வந்தது. பெட்டிகள் போயின. நான் இருந்தேன். அதற்குப் பிறகு ரேடியோ, ரீவி, தண்ணீர் மோட்டார் என்று கையில் வந்ததைத் திருத்தினேன்.

ஒரு நாள் யாழ்ப்பாணத்தில் ஒரு கம்பியூட்டர் அலுவலகத்துக்கு வயர் இழுக்கக் கூப்பிட்டார்கள். ஓர் அறை. சுவரெல்லாம் தடித்த துணி. ஆறு பெட்டி. நடுவில் ஒரு கதிரை. வேலை முடிந்தது. அங்கே பொறுப்பாக இருந்த மேர்சி மிஸ் சொன்னார், "அண்ணை, உந்தக் கதிரையிலை கொஞ்சம் இருங்கோ பாப்பம்."

இருந்தேன். ஓய்வு பெறும்வரை எழும்பவில்லை.

என்ன வேலை என்று முதலில் சொல்ல வேண்டும். ரீவியில் இணையத்தைக் கொளுவிப் படம் பார்க்கிறோம். அந்தப் படத்தைத் திறந்து காட்டுகிற சாமான் பிரவுசர். படத்தின் சத்தம் ஆறு துண்டாக வரும். முன்னுக்கு இடம், வலம், நடு. பின்னுக்கு இடம், வலம். ஆறாவது தடித்த பெட்டி; இடி, வெடி, லொறி எல்லாம் அதற்குள். ஆட்கள் கதைப்பது பெரும்பாலும் நடுவில் வரும்.

ஆறையும் அப்படியே அனுப்பினால் இணையம் தாங்காது. நெருக்கிக் கட்டி அனுப்புவார்கள். அந்தக் கட்டுகிற முறைக்குக் கோடெக் என்று பெயர். கட்டுகிறவன் தன் விதமாகக் கட்டுவான். அவிழ்க்கிறவனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். அப்போது எங்களிடம் வந்த பிரவுசருக்கு இரண்டு துண்டுக் கட்டு நன்றாகத் தெரியும். ஆறு துண்டுக் கட்டைக் கண்டால் முழிக்கும். அதற்குப் பழக்குவதுதான் வேலை. ஒரு வெளிநாட்டுக் கொம்பனி தந்தது.

அவிழ்த்தால் மட்டும் போதாது. கட்டுக்குள் மூன்றாவதாக இருப்பது நடு. பெட்டிகள் பக்கத்தில் மூன்றாவதாக நிற்பது பின் இடம். ஆகவே அவிழ்த்த கையோடு துண்டுகளை இடம் மாற்றி அடுக்க வேண்டும். அடுக்காவிட்டால் கதாநாயகி உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று அழுவாள். இந்த அடுக்கு வேலையை எழுதியவன் கஜன். கெட்டிக்காரன். வாய் ஓயாது.

கஜன்தான் எனக்கு இன்னொன்றும் விளங்கப்படுத்தினான். இணையத்தளம் முதலில் பிரவுசரைக் கேட்குமாம், இந்தக் கட்டு உனக்கு அவிழ்க்கத் தெரியுமோ என்று. பிரவுசருக்கு மூன்று பதில்தான் உண்டு. 'அநேகமாக' என்பது ஒன்று. 'சிலவேளை' என்பது ஒன்று. மூன்றாவது, வாயே திறக்காமல் இருப்பது. இல்லை என்று ஒரு பதில் கிடையாது.

"உதை யாழ்ப்பாணத்திலையோ செய்தது?" என்று கேட்டேன்.

"இல்லை அண்ணை. வெள்ளைக்காரன் செய்தது."

"தாய் எந்த ஊராம்?"

அன்று முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். மேர்சி மிஸ் சிரிக்கவில்லை. ஆனால் கஜனை நிறுத்தவும் இல்லை.

என் வேலை இப்படி. காலையில் அறையைக் கூட்டுவேன். கதிரையிலிருந்து ஒவ்வொரு பெட்டிக்கும் கயிறு பிடிப்பேன். ஐந்துக்கும் கயிறு ஒரே நீளம் வர வேண்டும். தடித்த பெட்டிக்குக் கயிறு இல்லை. அது எங்கே இருந்தாலும் உறுமும். பிறகு கதிரையில் இருந்து கண்ணை மூடுவேன். மேர்சி மிஸ்ஸின் குரல் வரும். 'முன் இடம்.' 'நடு.' 'பின் வலம்.' அவரே பேசிப் பதிவு செய்தது. தேவாலயத்தில் அறிவித்தல் வாசிக்கிற குரல். குரல் வந்த பெட்டியை நான் விரலால் காட்ட வேண்டும்.

சின்ன வேலை என்று நினைத்தேன். முதல் நாளே பிழைத்தது.

குரல் 'பின் வலம்' என்றது. பின் வலத்தைக் காட்டினேன். அது வந்தது முன் இடத்திலிருந்து. என்னைப் பேய்க்காட்டுவதற்கென்றே மாற்றிப் போட்டிருந்தார். காது கேட்கு முன் விரல் சொல்லுக்குப் பின்னால் போய்விட்டது. கொஞ்சம் கழித்து ஒன்றும் வரவில்லை. மெல்லியதாக வந்திருக்கும், நான்தான் விட்டுவிட்டேன் என்று நினைத்து, பொதுவாக ஒரு பக்கம் காட்டினேன்.

"அண்ணை, இப்ப ஒண்டும் போடேல்லை."

கண்ணைத் திறந்தேன்.

"கேட்டதைச் சொல்லுங்கோ. நினைச்சதைச் சொல்லாதேங்கோ. ஒண்டும் வரேல்லை எண்டால் வரேல்லை எண்டு சொல்லுங்கோ."

"ஓம் மிஸ்."

"உந்த ஓம், விளங்கிச் சொன்னதோ, மரியாதைக்குச் சொன்னதோ?"

அதற்கு ஓம் சொல்லவும் பயமாக இருந்தது.

மேர்சி மிஸ் மானிப்பாய்ப் பக்கம். என்னிலும் இருபது வயது குறைவு. ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் ஓர்கன் வாசிப்பவர். ஸ்கூட்டரில் வருவார். ஹெல்மெட்டைக் கழற்றி மேசையில் மல்லாத்தி வைப்பார். அதற்குள் ஸ்கூட்டர்த் திறப்பு, பேனை, ஒரு வாழைப்பழம் எல்லாம் கிடக்கும். கோபம் வந்தால் மற்றவர்களுக்குக் குரல் கூடும். இவருக்குக் குறையும். நல்ல கோபம் என்றால் உதடு மட்டும் அசையும். கஜன் ஒரு தடவை அதை என் கதிரைக்குப் பக்கத்தில் நின்று வாங்கினான். ஒரு சொல்லும் எனக்குக் கேட்கவில்லை. கஜனுக்கு எல்லாம் கேட்டது.

வேலை சரி என்றால் "மற்றது?" என்பார். நான் அவரிடம் வாங்கிய பாராட்டு அந்த ஒரு சொல்தான். பல தடவை வாங்கினேன். நானும் அவரும் கதைப்பதைக் கேட்டால் தனக்கு நித்திரை வருகிறது என்பான் கஜன்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில் கொழும்பிலிருந்து முதலாளி கதைத்தார். வெளிநாட்டுக் கொம்பனி இந்த ஆறு துண்டு வேலையை ஏற்றுக்கொண்டால் யாழ்ப்பாண அலுவலகம் இருக்கும். இல்லாவிட்டால் மூடுவது. விரும்பியவர்கள் கொழும்புக்கு வரலாம்.

கஜனுக்குக் கல்யாணம் பேசி முடிந்திருந்தது. கோண்டாவிலில் வீடு பாதி எழும்பியிருந்தது. மேர்சி மிஸ்ஸுக்கு ஓர்கன். எனக்கு வயது ஐம்பத்தெட்டு. கொழும்பில் போய் நான் எதைக் கேட்பது? அங்கே எல்லாச் சத்தமும் ஒரே பக்கத்திலிருந்து வரும்.

கொம்பனி ஒரு விசயம் கேட்டிருந்தது. அறையில் சோதித்தால் மட்டும் போதாது, ஆட்கள் இருக்கிற வீடுகளிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் ஆறு பெட்டி அனுப்பிய வீடுகள் எங்கள் பக்கத்தில் எத்தனையோ. எட்டு வீட்டைப் பிடித்தோம். கஜன் போய்ப் புதுப் பிரவுசரைப் போட்டுக் கொடுத்தான். கொஞ்ச நாள் விட்டுப் போன் எடுத்து விசாரித்தான். பிறகு அறைக்குள் ஓடி வந்தான்.

"மிஸ், எட்டுக்கு எட்டு! அனுப்புவம்!"

"என்ன சொன்னவை?"

"நல்லாயிருக்காம்."

"எட்டுப் பேருமோ?"

"ஓம் மிஸ். ஒருத்தர் மட்டும் நல்லாத்தானே இருக்கு எண்டவர்."

மேர்சி மிஸ் ஹெல்மெட்டுக்குள் கையை விட்டு வாழைப்பழத்தை எடுத்தார். உரித்தார்.

"கஜன், போன கிழமை என்ரை அம்மா செய்த கேக் கொண்டு வந்தனான். சாப்பிட்டனீரெல்லோ?"

"ஓம் மிஸ்."

"என்ன சொன்னனீர்?"

"நல்லாயிருக்கெண்டு."

"அம்மா சீனி போட மறந்து போனா."

கஜன் என்னைப் பார்த்தான். நானும் அந்தக் கேக் சாப்பிட்டிருந்தேன். பெட்டியைப் பார்த்தேன்.

"எங்கடை சனம் வீடு தேடி வந்தவனுக்குக் குறை சொல்லாது," என்றார். "அண்ணை, நீங்கள் போய் அவையளோடை இருந்து படம் பாத்திட்டு வாங்கோ. ஒண்டும் விசாரிக்காதேங்கோ. வெள்ளிக்கிழமை பதில் அனுப்ப வேணும்."

போனேன்.

முதல் வீடு கொக்குவில். ஆறு பெட்டியும் ஷோகேசுக்குள், கண்ணாடிக்குப் பின்னால், வரிசையாக. நடுவில் ஒரு பொம்மை. நடு எது, பின் எது என்று அந்தப் பொம்மைக்கும் தெரியாது. அடுத்த வீட்டிலும் ஷோகேஸ்தான். பெட்டிகளுக்குப் போட்டு வந்த பொலித்தீன் இன்னும் கழற்றவில்லை, தூசி படுமாம். இன்னொரு வீட்டில் தடித்த பெட்டி மட்டும் வேலை செய்தது. அது அடிக்க அடிக்கப் பேரப்பிள்ளை கட்டிலில் துள்ளும். மற்ற ஐந்தும் கழற்றி அலுமாரிக்கு மேலே.

எல்லாரும் தேத்தண்ணி தந்தார்கள். எல்லாரும் நான் கேளாமலே நல்லாயிருக்கு என்றார்கள்.

ஒரு வீட்டில் நான் ஒரு கெட்டித்தனம் செய்தேன். ஓய்வு பெற்ற தபாற்காரர். அவரிடம், "ஐயா, உது எங்கடை ஆக்கள் செய்ததில்லை, வேற ஒரு அலுவலகம்," என்றேன். நினைத்தபடியே அணை உடைந்தது. ரிமோட்டில் பொத்தான் சின்னனாம். கரண்ட் பில் கூடவாம். செய்தி வாசிக்கிற பிள்ளைக்குப் பொட்டு நடுவில் இல்லையாம். பெட்டி அனுப்பிய மருமகன் கலியாணத்தன்றைக்கே பிந்தி வந்தவனாம். பொழுது பட்டது. சத்தத்தைப் பற்றி மட்டும் ஒரு சொல் இல்லை.

மேர்சி மிஸ்ஸிடம் சொன்னேன். அவர் குரல் குறைந்தது.

"பொய் சொன்னியளோ?"

"ஓம்."

"இனிச் சொல்லாதேங்கோ."

"சொல்லிப் பிரயோசனமும் இல்லை மிஸ்."

கடைசி வீடு நீர்வேலி. வியாழக்கிழமை போனேன். தங்கராசா அண்ணை வாழைத் தோட்டக்காரர். மனைவி பூமணி அக்கா. மகன் நோர்வேயில். ஹோலில் ரீவிக்கு முன்னால் சாய்மனைக் கதிரையில் அண்ணை சாரத்தோடு படுத்திருந்தார். இன்னொரு கதிரை எனக்கு. இருந்து பெட்டிகளை எண்ணினேன். ரீவிக்கு இரண்டு பக்கமும் இரண்டு. சரி. பின் வலம் ஜன்னல் விளிம்பில். போகட்டும். பின் இடம் அண்ணையின் இடது காதுக்குப் பக்கத்தில், ஒரு முக்காலியில். தடித்த பெட்டிக்கு மேலே சாக்குச் சுற்றி ஒரு வாழைக்குலை.

"உது உதறுறதுக்குக் குலை கெதியாப் பழுக்குது தம்பி," என்றார்.

அதைப் பற்றி எனக்குத் தெரியாது. எழுதவில்லை.

நடுப் பெட்டியைக் காணோம். விசாரிக்கக் கூடாது. கண்ணால் வயரைப் பிடித்துக்கொண்டு போனேன். வயர் கதவு நிலையில் ஏறி, சாமிப் படங்களுக்கு மேலால் போய், சுவரில் ஒரு ஓட்டைக்குள் நுழைந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் குசினி. அங்கே மிளகாய்த்தூள் ரின்னுக்கும் சரக்குத்தூள் ரின்னுக்கும் நடுவில் பெட்டி இருந்தது. கீழே பூமணி அக்கா கறி கூட்டிக்கொண்டிருந்தார்.

அண்ணை படத்தைப் போட்டார். ஒரு குடும்பப் படம். ஹோலில் பாட்டு வந்தது. கதவு சாத்தியது கேட்டது. ஆட்கள் வாயை அசைத்தார்கள். குரல் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் மாமியார் கத்துவது மெல்லமாக வந்தது. அதற்கு மேலால் பூமணி அக்கா கத்தினார்.

"வீட்டை விட்டு வெளிக்கிடட்டாம்!"

"ஆரை?" என்றார் அண்ணை.

"மருமகளை! அவள் என்ன செய்யிறாள்?"

"பெட்டியைத் தூக்கிறாள்."

"அழுறாளோ?"

"இல்லை. முறைக்கிறாள்."

"அப்பிடிப் போடு! புருசன்காரன்?"

"சுவரைப் பாத்துக்கொண்டு நிக்கிறான்."

"அது தெரிஞ்சதுதானே!"

இப்படியே போனது. அவர் பார்த்ததைச் சொன்னார். இவர் கேட்டதைச் சொன்னார். படத்தைவிட அது நன்றாக இருந்தது. ஆனால் பிரவுசரில் பிழை ஒன்றும் இல்லை. நடுவில் வர வேண்டியது நடுப் பெட்டியில் வருகிறது. பெட்டி குசினியில் இருப்பது பிரவுசருக்குத் தெரியாது. எட்டாவது வீடும் நல்லாயிருக்கு என்று எழுத வேண்டியதுதான் என்று தேத்தண்ணியைக் கையில் எடுத்தேன்.

விளம்பரம் வந்தது. சவர்க்காரத் தூள். விளம்பரம் இரண்டு துண்டுக் கட்டுத்தான். முன் பெட்டி இரண்டும் கத்தின. முடிந்தது. படம் திரும்ப வந்தது.

மருமகளின் குரல் அண்ணையின் இடது காதுக்குப் பக்கத்தில் வந்தது. துலக்கமாக.

"பூமணி!" என்றார் அண்ணை. "இப்ப எனக்கு!"

"ஓமோம்! இஞ்சை மழை தொடங்கிட்டுது!" என்றது குசினி. "காகமும் கத்துது! என்னவாம் அவள்?"

"தகப்பன் வீட்டை போறாளாம்!"

இடி இடித்தது. தடித்த பெட்டியில் அல்ல. ஜன்னல் பெட்டியில். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வாழைக்குலை ஆடாமல் இருந்தது.

நான் தேத்தண்ணியை வைத்தேன்.

மேர்சி மிஸ் சொன்னதை மறந்து விசாரித்தேன். "அண்ணை, எப்பவும் உப்பிடியோ?"

"எப்பிடி?"

"விளம்பரம் முடிய உங்கடை பக்கம் வாறது."

"ஓம். விளம்பரத்துக்கு முதல் அவவுக்கு. பிறகு எனக்கு."

"இவர் கனநேரம் வச்சிருந்தால் நான் வந்து நிப்பாட்டிப்போட்டுத் திரும்பப் போடுவன்," என்றார் பூமணி அக்கா, அகப்பையோடு வாசலில் நின்று. "அப்ப திரும்ப என்ரை பக்கம் வரும். நல்லா யோசிச்சுத்தான் செய்திருக்கிறியள் தம்பி. ரெண்டு பேருக்கும் பங்கு வச்சு."

பிழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கஜன் போன் எடுத்தபோது இவர்கள் நல்லாயிருக்கு என்று சொன்னது மரியாதைக்கு அல்ல. மனமாரச் சொன்னது. ஷோகேஸ் வீடுகளிலும் இதேதான் நடந்திருக்கும். அங்கே குரல் ஒரு பெட்டியிலிருந்து நாலு விரல் தள்ளி மற்றப் பெட்டிக்குப் போயிருக்கும். யார் கண்டார்? பெட்டிகளை அறை அறையாகப் பிரித்து வைத்த வீட்டில்தான் அது சுவர் தாண்டியது.

நிறுத்தித் திரும்பப் போட்டுப் பார்த்தேன். பிறகும் போட்டுப் பார்த்தேன். அப்படியேதான். ஒழுங்கைக்கு வந்து போன் எடுத்தேன்.

"மிஸ், விளம்பரத்துக்குப் பிறகு நடு பின் இடத்துக்குப் போகுது. பின் இடம் நடுவுக்கு வருது. தடிச்ச பெட்டியும் பின் வலமும் மாறுது."

"கேட்டதோ, நினைச்சதோ?"

"கேட்டது."

ஒழுங்கையில் ஒரு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் வாழைக்குலையோடு போனது.

"மற்றது?" என்றார்.

அலுவலகத்துக்குப் போனபோது கஜன் வாசலிலேயே பிடித்தான்.

"அண்ணை, உலகத்திலை ஆர் நடுப் பெட்டியைக் குசினியிலை வைப்பினம்?"

"பூமணி அக்கா."

"அப்ப அது அவவின்ரை பிழை! எங்கடை பிழையில்லை!"

"கஜன்," என்றார் மேர்சி மிஸ். "ஒரு விளம்பரம் போடும்."

"அறையிலை விளம்பரம் வராது மிஸ். தொல்லை எண்டு நான் வராமல் பண்ணி வச்சிருக்கிறன்."

சொல்லி முடித்ததும் அவனுக்கே விளங்கிவிட்டது. நாங்கள் அறையில் எப்போதும் தொடக்கத்திலிருந்து ஒரே கட்டைத்தான் ஓட்டினோம். கஜன் எழுதிய அடுக்கு வேலை தொடக்கத்தில் ஒரு தடவை நடக்கும். நடுவில் ஆறு துண்டுக் கட்டு இரண்டாகி, இரண்டு திரும்ப ஆறானால், அடுக்க ஆள் இல்லை.

நான் கதிரையில் இருந்து கண்ணை மூடினேன். சவர்க்காரத் தூள் வந்து போனது. மேர்சி மிஸ்ஸின் குரல் 'நடு' என்றது. என் விரல் இடது தோளுக்கு மேலால் பின்னுக்குப் போனது. கண்ணைத் திறந்தபோது கஜன் நிலத்தில் இருந்தான்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. திருத்தி, எல்லா வீட்டிலும் திரும்ப ஓட்டிப் பார்க்க இன்னொரு கிழமை வேண்டும். முதலாளி கொழும்பிலிருந்து கதைத்தார். மேர்சி மிஸ் போனைக் காதில் வைத்திருந்தார். எனக்கு அறையின் மற்ற மூலையில் கேட்டது.

"எட்டு வீடும் நல்லம் எண்டு சொல்லிட்டுதெல்லோ? ஓம் எண்டு அனுப்பும். பிறகு திருத்தலாம். இல்லை எண்டு எழுதினீரெண்டால் அவன் வேலையை வேற ஆருக்கும் குடுத்திடுவான். பிறகு எல்லாரும் பெட்டியைக் கட்டுங்கோ."

மேர்சி மிஸ்ஸின் உதடு அசைந்தது. என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. கொழும்பில் முதலாளிக்கு விளங்கியிருக்கும். போன் ஓய்ந்தது.

பிறகு கஜனைக் கூப்பிட்டார். "வீட்டு வேலை எவ்வளவிலை நிக்குது?"

"கூரை போடேல்லை மிஸ்."

"மாரிக்கு முதல் போடப் பாரும்."

சொல்லிக்கொண்டே எழுதினார். 'முடியவில்லை. ஒரு பழுது இருக்கிறது. ஒரு கிழமை வேண்டும்.' இவ்வளவுதான். அநேகமாக, சிலவேளை என்று ஒன்றும் இல்லை. நீர்வேலியில் கண்டதை நான் எழுதிய குறிப்பைக் கூடச் சேர்த்து, அனுப்பும் பொத்தானை அமத்தினார். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து எல்லாவற்றையும் மேசையில் கொட்டி, திறப்பை மட்டும் எடுத்து, ஹெல்மெட்டைத் தலையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

சனி, ஞாயிறு பதில் இல்லை. நான் வீட்டில் மோட்டார் ஒன்றைக் கழற்றிப் பூட்டினேன். பழுது இல்லாத மோட்டார். மனைவி பார்த்தார்.

திங்கள் பதில் வந்தது. ஓமும் இல்லை, இல்லையும் இல்லை. கேள்வி. நடு ஸ்பீக்கர் சமையலறையில் இருப்பதற்குக் காரணம் என்ன?

மேர்சி மிஸ் என்னைப் பார்த்தார். நான் பூமணி அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"நடுப் பெட்டி எண்டு அதிலை போட்டிருந்தது தம்பி," என்றார். "நான் நிக்கிற இடந்தானே இந்த வீட்டுக்கு நடு."

மேர்சி மிஸ் அதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினார். ஒரு சொல் கூட்டவில்லை.

அன்று பின்னேரமே மறுமொழி வந்தது. ஒரு கிழமை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டில் நடந்ததையும் சோதனையாக எழுதி அனுப்புங்கள். அதை எழுதியவர் அந்தப் பக்கத்தில் சிரித்தாரா, இல்லையா என்று கஜனும் நானும் கனநேரம் கதைத்தோம். கதைத்தது கஜன்.

கஜன் திருத்தினான். கட்டு மாறுகிற ஒவ்வொரு தடவையும் துண்டுகளைத் திரும்ப அடுக்க வைத்தான். நான் கதிரையில் இருந்தேன். எவ்வளவு சவர்க்காரத் தூள் வந்து போனாலும் 'நடு' நடுவிலேயே நின்றது. கூடவே சோதனை ஒன்றும் எழுதினான்: ஆறு, பிறகு இரண்டு, பிறகு ஆறு. அதற்கு ஒரு பெயர் வைக்க வேண்டுமாம். 'நீர்வேலிக் குசினி' என்று ஆங்கில எழுத்தில் போட்டான். கொம்பனி அந்தப் பெயரையும் மாற்றவில்லை. வேலையையும் ஏற்றுக்கொண்டது. இன்றைக்கும் அந்தப் பிரவுசரில் யாராவது சத்தத்தில் கை வைத்தால் நீர்வேலிக் குசினி ஓடி முடிந்த பிறகுதான் அதை வெளியே விடுவார்களாம். அப்படிக் கஜன் சொல்கிறான். நான் போய்ப் பார்க்கவில்லை.

அலுவலகம் யாழ்ப்பாணத்திலேயே இருந்தது. கஜன் மாரிக்கு முதல் கூரை போட்டான்.

திருத்திய பிரவுசரை எட்டு வீட்டுக்கும் போட்டுக் கொடுத்தோம். ஏழு வீடு நல்லாயிருக்கு என்றது. எட்டாவது வீட்டிலிருந்து, நாங்கள் எடுக்கு முன், அவர்களே போன் எடுத்தார்கள். கஜன் போனைக் கையால் பொத்திக்கொண்டு கத்தினான்.

"மிஸ்! ஒரு ஆள் பழுது எண்டு சொல்லுறார்! எங்கடை ஆள் ஒராள், வாயைத் திறந்து பழுது எண்டு சொல்லுறார்!"

தங்கராசா அண்ணை. "முந்தி நல்லாயிருந்தது தம்பி. நோண்டிப் பழுதாக்கிப் போட்டியள். விளம்பரம் போனாலும் எனக்கு வருகுதில்லை."

நான் போனேன். ஹோலில் படம் ஓடியது. சாய்மனைக் கதிரையில் ஆள் இல்லை. தடித்த பெட்டி உறுமியது, வாழைக்குலை ஆடியது. ரீவியில் ஒரு பெண் வாயைத் திறந்து அழுதாள். பார்க்க ஒருவரும் இல்லை.

குசினிக்குள் எட்டிப் பார்த்தேன். அண்ணை திருவலைக் கட்டையில் குந்தியிருந்து தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். மேலே ரின்களுக்கு நடுவிலிருந்து அந்தப் பெண் அழுதாள். பூமணி அக்கா ஒரு கையை இடுப்பில் வைத்துக் கேட்டுக்கொண்டு நின்றார்.

"படம் பாக்கேல்லையோ அண்ணை?"

"கேக்கிறம்."

"பாக்க வேண்டாமோ?"

"எல்லாம் முகம் தெரிஞ்ச ஆக்கள்தானே," என்றார் பூமணி அக்கா.

நான் ரின்களைப் பார்த்தேன். "பெட்டியைக் கழற்றி ஹோலிலை, ரீவிக்குக் கீழை வச்சு விடவோ? அதுதான் அதுக்குரிய இடம். ஒரு நிமிச வேலை."

அண்ணை திருவுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"வைக்கலாம்," என்றார் பூமணி அக்கா. "வச்சால் தேங்காய் ஆர் திருவுறது?"

கொஞ்ச நேரம் அந்தப் பெண் மட்டும் அழுதாள். நான் அண்ணையைப் பார்த்தேன். அண்ணை தேங்காய்ப் பாதியைப் பார்த்தார்.

"நல்லாயிருக்கு தம்பி," என்றார்.

இந்த முறை அது மரியாதைக்கு.

திரும்பிப் போய் எழுதிக் கொடுத்தேன். 'ஆறு பெட்டியும் சரி. ஹோலில் ஆள் இல்லை.' மேர்சி மிஸ் வாசித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. சத்தம் வரவில்லை. ஆகவே சிரித்தார் என்று என்னால் எழுத முடியாது.

அவ்வளவுதான் நடந்தது. புதுப் பிள்ளைகள் இன்னொன்றும் கேட்டார்களாம்: கூரைப் பெட்டியை முதலில் எந்த வீட்டுக்குக் கொடுத்துச் சோதிக்கலாம்? நீர்வேலிக்குக் கொடுங்கள். அவர்கள் எங்கே பூட்டுவார்கள் என்று நாங்கள் ஒருவரும் யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. அதுதான் காரணம்.

நேற்று பூமணி அக்காவிடமே கதைத்தேன்.

"மேலை பூட்டுறதோ?" என்றார். "குசினிக்குத்தான் இருக்கே தம்பி. கிணத்தடியிலைதான் எனக்கு ஒண்டும் கேக்கிறேல்லை. அங்கை அந்த மாமரத்திலை கட்டலாமோ?"

மேர்சி மிஸ்ஸுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். அந்தப் பக்கம் கனநேரம் ஒன்றும் வரவில்லை. போன் அறுந்துவிட்டது என்று நினைக்கப் பார்த்தேன். நினைக்கவில்லை. காத்திருந்தேன்.

"மற்றது?" என்றார்.